கடலுக்குச் சாத்திய பட்டு

ஞாயிற்றுக்கிழமை என்றால் காசிநாதனின் வேனில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை நிச்சயம். சின்ன காஞ்சிபுரம் தேரடிப் பக்கம் விடியற்காலையில் வேன் வந்து நிற்கும். நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு துண்டு, ஒரு பை, ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு என்று இடம்பிடிக்கும் சாமான்கள் உள்ளே வந்து விழும். அந்தக் கண்ணாடிக் கூடு நாமகிரி மாமியின் கணவர் சக்ரவர்த்தியுடையது. கண்ணாடியும் கூட்டோடு உள்ளே போய்விட்டதால், மனிதர் வேனின் படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவிக்கொண்டிருப்பார்.

"மாமி, சாரு கண்ணு தெரியாம நிக்கிறாரு. மொதல்ல அவரை ஏத்துங்க" என்பார் காசிநாதன்.

"அவர் எங்க போயிடப் போறார்? சீட்டுதான் போயிடும்!" என்பார் மாமி.

நாமகிரி மாமி ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. எந்த உற்சவத்தில் யார் குடும்பத்துக்கு முதல் தீர்த்தம், யார் தலையில் பரிவட்டம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். மரியாதை ஒரு ஆள் தள்ளிப் போய்விட்டால் அந்த வீட்டில் ஒரு வாரம் அடுப்பு சரியாக எரியாது என்பதும் அவருக்குத் தெரியும், ஏனென்றால் அப்படி எரியாத வீடுகளில் அவர் வீடும் ஒன்று. மாமி வருகிறார் என்றால் அந்தத் தெருவே வேனில் ஏறும். அதனால் காசிநாதன் அவரிடம் எப்போதும் கொஞ்சம் பயத்தோடேயே இருப்பார்.

ஈ.சி.ஆர். சாலை புதிதாகப் போடப்பட்டு, வாரத்துக்கு ஒரு நாள் கடலைப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது என்று ஜனங்களுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்த காலம் அது. காசிநாதனின் சுற்றுலா காலையில் மாமல்லபுரத்துச் சிற்பங்களில் தொடங்கும். மத்தியானம் அங்கிருந்து கொஞ்சம் தள்ளி கன்னிமேடு என்ற மீனவர் குப்பத்துக்குப் போகும். சவுக்குத் தோப்பு, கூட்டமில்லாத கரை, கரைமேல் சின்னதாக ஒரு கன்னியம்மன் கோயில். வேறு எந்த வேன்காரருக்கும் இல்லாத இடம். அந்த இடம்தான் அவருடைய பிழைப்பு.

அதை அவருக்குக் கொடுத்தவர் கங்கையம்மாள். ஒரு நாள் கருவாட்டுக் கூடை நாறுகிறது என்று பஸ்ஸிலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள். பின்னால் காலி வேனில் வந்த காசிநாதன், "ஏறும்மா, என் வேனுக்கு மூக்கு கெடையாது" என்று ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் சந்தையில் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து அண்ணன் தங்கை. கங்கையம்மாள்தான் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி வேனைக் கரைக்கு வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் சுக்குக் காப்பி, பக்கத்து வீட்டில் இளநீர், எதிர் வீட்டில் வறுத்த மீன் என்று குப்பத்துப் பெண்கள் கையில் நாலு காசு புழங்க ஆரம்பித்தது.

கூடவே குப்பையும் வந்தது. புளியோதரை கட்டிவந்த கவர், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் கரையிலேயே தங்கிவிட்டன.

"அண்ணே, வலைய இழுத்தா மீனைக் காட்டியும் கவருதான் ஜாஸ்தியா வருது. ஊர்ல என்னைத்தான் கேக்குறாங்க" என்றார் கங்கையம்மாள்.

காசிநாதன் 'குப்பை போடாதீர்' என்று ஒரு பலகை எழுதி நட்டார். கடலில் இறங்குகிறவர்கள் சட்டையை மாட்டுவதற்கு அது மிகவும் வசதியாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு கோயிலில் அவர் ஒரு காட்சியைக் கண்டார். சக்ரவர்த்தி சார் பிரசாதம் சாப்பிட்ட தொன்னையைக் கையில் பிடித்துக்கொண்டு பிராகாரம் முழுவதும் சுற்றி, வெளியே வந்து தொட்டியைத் தேடிப் போட்டார். போன ஞாயிறு இதே மனிதர்தான் கடலோரத்தில் மூன்று டம்ளர்களைக் காற்றில் பறக்கவிட்டு வேடிக்கை பார்த்தவர். காசிநாதனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கோயில் என்றால் நம் ஆட்களுக்குக் கை தானாக அடங்கும். அப்படியானால் கரையைக் கோயில் ஆக்கிவிட்டால் போயிற்று!

வேன் மைக்கில் அடுத்த வாரமே அறிவித்துவிட்டார். "பெரியோர்களே, தாய்மார்களே! கன்னிமேட்டுல அம்மன் கோயில் மட்டும் கோயில் இல்ல. அந்தக் கரை மொத்தமே கன்னியம்மனோட வாசல்னு அந்த ஊரு ஜனங்க கும்புடுறாங்க. அதனால இனிமே கோயில்ல எப்படி நடந்துக்குவீங்களோ, அப்படி நடந்துக்கணும்!"

கங்கையம்மாள் எப்போதோ சொன்னதைத்தான் அவர் சொன்னார், பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவர்கள் காஞ்சிபுரத்துக்காரர்கள். கோயில் என்றால் வெறுங்கையோடு போகலாமா?

அதற்கடுத்த ஞாயிறு வேனில் கால் வைக்க இடமில்லை. தேங்காய், பழம், எலுமிச்சை, கற்பூரம், கவர் கவராகப் பூமாலை, பாக்கெட் பாக்கெட்டாகப் பால், அகல் விளக்கு, எண்ணெய் பாட்டில். கேள்விப்பட்டு இன்னும் இரண்டு வேன்கள் பின்னாலேயே வந்தன. கரையில் எங்கே பார்த்தாலும் கற்பூரம் எரிந்தது. மணலில் தேங்காய் உடைந்தது. அலைக்குப் பால் அபிஷேகம் நடந்தது, பாக்கெட்டும் பாலோடு போயிற்று. காசிநாதன் இதையெல்லாம் பார்க்கவில்லை. விடிகாலை எழுந்த அசதியில் தோப்பு நிழலில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாமகிரி மாமி மட்டும் கூட்டத்தைவிட்டுத் தனியாகப் போனார். மகளுக்குப் பிரசவம் நல்லபடி ஆகவேண்டும் என்று மகாலட்சுமித் தாயாருக்கு ஒரு புடவை வேண்டிக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. மகாலட்சுமி கடலில் பிறந்தவள், கடல் அவளுக்குப் பிறந்த வீடு, பிறந்த வீட்டு வழியாகவே சீர் போய்ச் சேரட்டுமே என்று மாமிக்கு வரும்போதே தோன்றியிருந்தது. அரக்கு நிறத்தில் நல்ல ஜரிகை போட்ட அசல் காஞ்சிபுரம் பட்டுப் புடவை. முழங்கால் தண்ணீரில் நின்று, குங்குமம் வைத்து, அதை அலைமேல் விரித்துவிட்டார். புடவை அழகாக மிதந்து போயிற்று. மாமிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துத் தேரடி மளிகைக் கடைக்குப் போன் வந்தது. செல்போன் எல்லார் கையிலும் வந்திராததால், காசிநாதனைத் தேடுகிறவர்கள் அங்கேதான் கூப்பிடுவார்கள். பேசியது கங்கையம்மாள்.

"அண்ணே, இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்கிற? ஊர்த் தலைவரோட படகு நடுக்கடல்ல நின்னுபோச்சு. எவளோ ஒரு பட்டுப் பொடவைய கடல்ல வுட்டுக்கிறா, அது எஞ்சின் ஃபேன்ல சுத்திக்கிச்சு. அவரும் மருமகனும் காத்துல அல்லாடிக்கினு இருந்தாங்க. இன்னொரு படகு போய்க் கட்டி இட்டாந்தாங்க. ஊர்க்கூட்டத்துல சொல்லிட்டாங்க, இனிமே ஒரு வண்டியும் வரக்கூடாதுன்னு. வழியில பனைமரத்தப் போட்டாச்சு."

காசிநாதன் போனை வைத்தார். உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சொன்னபடியே குப்பத்து வழியில் பனந்துண்டு குறுக்கே கிடந்தது. அதைத் தாண்டி நடந்தார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஊர்த்தலைவர் அப்பாதுரை, இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காசிநாதன் சுற்றி வளைக்காமல் மன்னிப்புக் கேட்டார்.

"நான்தான் தலைவரே கோயில் மாதிரி நெனைக்கச் சொன்னேன். எங்க ஊரு ஜனங்க படையலு போட்டுட்டாங்க."

"கோயிலு மாதிரி இல்லபா, இது கோயிலேதான்" என்றார் அப்பாதுரை. "எங்க அம்மனுக்குத் தேங்காயும் வேணாம், பாலும் வேணாம். மாசி மகத்துக்கு அவ கடலாட எறங்குவா. அன்னிக்குக் காலையில கரைய கூட்டி வெச்சிருக்கணும். வெறுங்காலோட நான் நடந்து பாப்பேன், காலுல ஒண்ணு தட்டக்கூடாது. அதுதான் அவளுக்குப் பூசை."

"யாரு கூட்டுவாங்க?"

"வருசத்துக்கு ஒரு வூடு, முறை வெச்சு. கூட்டுன வூட்டாளுக்குத் தலைல பரிவட்டம் கட்டி, அம்மனுக்கு முன்னாடி மொத ஆளா நடக்க வுடுவோம். அந்த முறைக்கு இங்க அடிதடியே நடந்துருக்குது. அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தை இல்லாம கெடக்குறாங்க."

காசிநாதனுக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அடிதடி நடந்தாவது துடைப்பத்தைக் கையில் வாங்குகிற ஊர்! பரிவட்டத்துக்காக எதையும் செய்யக்கூடிய ஆட்களை வாராவாரம் வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறவர் அவர். பலகை எழுதி நட்ட தன் புத்தியை நொந்துகொண்டார்.

"தலைவரே, இந்த வருச முறைய என் வேனுக்குக் குடுங்க. போட்டவங்க கையாலேயே கூட்ட வெக்கிறேன்."

"ஊரு முறைய வெளியாளுக்கா? நடக்காது."

அப்போது பின்னாலிருந்து கங்கையம்மாளின் குரல் வந்தது. "இந்த வருசம் முறை எங்க வூட்டுது. நான் தரேன்."

"யோசிச்சுப் பேசும்மா" என்றார் அப்பாதுரை. "அவங்க சரியாக் கூட்டலன்னா அப்பறம் உங்க வூட்டுக்கு முறையே கெடையாது. உன் புள்ளைங்க காலத்துக்கும் கெடையாது."

கங்கையம்மாள் காசிநாதனைப் பார்த்தார். "என் கூடைய நாத்தம்னு சொல்லாம ஏத்துன ஆளு. கூட்டுவாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் காசிநாதனுக்கு அந்த வார்த்தை காதிலேயே ஒலித்தது. தன் வேன் போனால் இன்னொரு இடம் பார்த்துக்கொள்ளலாம். கங்கையம்மாள் வீட்டு முறை போய்விட்டால் அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

மறுநாள் காலையில் நாமகிரி மாமி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வேன் வராதா? ஏன்?" என்றார் மாமி. பனந்துண்டு விஷயத்தைச் சொன்ன காசிநாதன், புடவை விஷயத்தைச் சொல்லாமல் விட்டார். யாரோ ஒருத்தர் செய்ததற்கு ஒரு ஊரையே குறை சொன்னதுபோல் ஆகிவிடுமே என்று அவருக்குக் கூச்சம்.

"மாசி மகத்தன்னிக்கு நாமளே போய்க் கரையைக் கூட்டணும் மாமி."

"நன்னாருக்கு! ஆத்துல கூட்டறதுக்கே ஆள் வெச்சிருக்கேன். நான் போய்ச் சமுத்திரக்கரையக் கூட்டறதா?"

"கூட்டுனவங்களுக்குப் பரிவட்டம் கட்டுவாங்க. அம்மனுக்கு முன்னாடி முதல் மரியாதை."

மாமி கதவைச் சாத்தப்போன கையை எடுத்தார். "முதல் மரியாதையா? யாருக்குன்னு முடிவு பண்ணிட்டாளா?"

அந்த வருஷம் மாசி மகம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வேன் நிரம்பி, இன்னொரு வேனும் பிடிக்கவேண்டி வந்தது. காசிநாதனின் மனைவி இந்தத் தடவை புளியோதரையை மந்தாரை இலையில் கட்டிக் கொடுத்திருந்தார். மேலே காலிச் சாக்குகளும், துடைப்பங்களும், இரண்டு மண்வெட்டியும். கங்கையம்மாள் வழியிலிருந்த பனந்துண்டை ஆட்களை விட்டு உருட்டச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார். சிரித்தார், ஆனால் கை மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தது.

வேலை தொடங்கியது. தலைமை ஆசிரியை இருக்கும்போது வேலைக்கு ஒழுங்கு தானாக வந்துவிடுகிறது. மாமி கரையைத் தெருத் தெருவாகப் பிரித்தார். "அது சன்னிதித் தெரு, நீங்க பாத்துக்கோங்கோ. படகு நிக்கறதே, அது மாட வீதி, அது என்னுது." சக்ரவர்த்தி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மணலில் படர்ந்திருந்த அடம்புக் கொடியைக் குப்பை என்று நினைத்துப் பிடுங்கப் போனார்.

"சாரு, சாரு! அத வுட்டுடுங்க. மணலைப் புடிச்சுக்கினு இருக்குறதே அதுதான்" என்று கங்கையம்மாள் ஓடிவந்தார். சார் கொடியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் அதை ஒழுங்காகத் திரும்பப் படுக்கவைத்தார்.

சாக்குகள் நிறைந்தன. மாமி தன் மாட வீதியைக் கூட்டிக்கொண்டே அப்பாதுரையின் படகுப் பக்கம் வந்தார். படகின் விளிம்பில் அரக்கு நிறத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கிழிந்து நாராகத் தொங்கியது. மறுபக்கம் ஜரிகை இன்னும் மின்னியது.

"இது என்ன?" என்றார் மாமி.

"எந்தப் புண்ணியவதியோ கடல்ல வுட்டுட்டா மாமி" என்றார் அப்பாதுரை. "எஞ்சின் ஃபேன்ல சுத்தி, படகு நின்னுபோச்சு. நானும் என் மருமகனும் நடுக்கடல்ல. என் பொண்ணு மாசமா இருக்குறா. கரையில அவ அழுத அழுகைய ஊரே பாத்துது. கத்திய வெச்சு அறுத்தா அறவே இல்ல. இன்னா பட்டும்மா அது!"

"அறாது. அசல் காஞ்சிபுரம்" என்று மாமியின் வாய் தன்னையறியாமல் சொல்லிவிட்டது. சொன்ன பெருமை அடுத்த நொடியே முகத்தில் வாடிப்போயிற்று. தன் பெண்ணின் பிரசவத்துக்கு வேண்டிக்கொண்ட புடவை, இன்னொரு பிள்ளைத்தாய்ச்சியைக் கரையில் நின்று கதற வைத்திருக்கிறது. மாமி துடைப்பத்தோடு குனிந்தார். அதற்குப் பிறகு அவர் கூட்டிய வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. தன் மாட வீதியை முடித்துவிட்டு அடுத்தவர் தெருவையும் கூட்டினார்.

வெயில் ஏறியதும் அப்பாதுரை செருப்பில்லாமல் கரையில் இறங்கினார். ஊரே பின்னால் நின்றது. அவர் மெதுவாகக் காலால் மணலைத் தடவித் தடவி நடந்தார். கோயிலிலிருந்து தண்ணீர் வரைக்கும் போனார். திரும்பி வரும்போது ஓரிடத்தில் கால் நின்றது. குனிந்து மணலைத் தோண்டினார். கங்கையம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பாதுரை கையைத் தூக்கிக் காட்டினார். ஒரு சங்கு.

"இது அம்மன் போட்டது. இதுக்குக் கேஸ் இல்ல!" என்றார். கரை முழுவதும் சிரிப்பும் குலவையும் கிளம்பியது. கங்கையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே காசிநாதனின் தோளில் ஒரு அடி போட்டார்.

மேளம் வந்தது. அலங்காரத்தோடு கன்னியம்மன் கோயிலைவிட்டு வெளியே வந்தாள். அப்பாதுரை ஒரு தட்டில் மடித்த துணியை எடுத்து வந்தார். அரக்குப் பட்டு. "பரிவட்டத்துக்குப் புதுத் துணி எடுக்கலாம்னு இருந்தேன். கெட்டது போவ நல்ல எடத்த அறுத்து அலசி வெச்சேன். அம்மன் கடல் வழியா அனுப்பிச்சதுன்னு வெச்சுக்குவோம். யாரு தலைல கட்டணும், சொல்லுங்க."

இரண்டு வேன் ஆட்களும் கழுத்தை நீட்டினார்கள். ஆனாலும் எல்லாருடைய பார்வையும் மாமியிடம் வந்து நின்றது. அவர் கூட்டியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவரைத் தாண்டி யார் கேட்பது?

மாமி முன்னால் வந்தார். "அந்தப் புடவை என்னுது. கடல்ல விட்டது நான்தான்" என்றார்.

மேளக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

"காணிக்கைன்னு நெனச்சேன். உங்க ரெண்டு பேர் உசுரோட விளையாடியிருக்கேன். என்னை மன்னிச்சுடுங்கோ. பரிவட்டம் எனக்கு வேண்டாம், காசிக்குக் கட்டுங்கோ. நாங்க போட்டதுக்கெல்லாம் தலையைக் குனிஞ்சவர் அவர்தான்."

"என் வூட்டு முறை, நானும் அதான் சொல்றேன். அண்ணனுக்கே கட்டுங்க" என்றார் கங்கையம்மாள்.

அப்பாதுரை மாமியின் பக்கம் திரும்பினார். "ஒத்துக்கினியேம்மா, அது போதும்" என்று சொல்லிவிட்டுக் காசிநாதனை அழைத்தார்.

காசிநாதனின் தெருப்பக்கம் எந்தத் தேரும் திரும்பியதில்லை. எத்தனையோ கோயில்களுக்கு எத்தனையோ பேரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வெளியே வேனில் காத்திருந்த மனிதர் அவர். இன்றைக்கு ஒரு அம்மனுக்கு முன்னால் அவர் தலையில் பட்டுத் துணி ஏறியது. வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் இல்லாமலேயே எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அழுதுகொண்டே முதல் ஆளாக நடந்தார். பக்கத்தில் கங்கையம்மாளை இழுத்து வைத்துக்கொண்டார். மாமி கடைசி வரிசையில், கையில் துடைப்பத்தோடு வந்தார். குப்பைச் சாக்குகளெல்லாம் அன்றைக்கு வேன் கூரையில் ஏறி ஊருக்குத் திரும்பின.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கன்னிமேட்டில் கிளம்புவதற்கு முன் கரை கூட்டுவது வழக்கமாயிற்று. நன்றாகக் கூட்டியவர் தலையில் கங்கையம்மாள் ஒரு துண்டைக் கட்டிவிடுவார். அதற்காகச் சக்ரவர்த்தி சாரும் பல் டாக்டர் ஒருவரும் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

தேரடியில் இப்போதும் சண்டைதான். ஜன்னல் வழியாக உள்ளே விழுகிற சாமான் மட்டும் மாறிவிட்டது, துடைப்பம் விழுகிறது. ஒரு ஞாயிறு புதிதாக வந்த அம்மாள் ஒருவர், தேங்காயும் மாலையும் பால் பாக்கெட்டுமாகக் கனத்த பையோடு படியில் கால் வைத்தார். நாமகிரி மாமி கையைக் குறுக்கே நீட்டினார்.

"அதையெல்லாம் இங்கேயே நம்ம ஊர்க் கோயில்ல குடுத்துட்டு வாங்கோ. கோயில்ல வாங்கி வெச்சுக்க ஆள் உண்டு, கடல்ல இல்ல. அங்க நீங்க பக்தியோட போட்டாலும் குப்பைதான், அது இன்னொருத்தர் வயித்துல போய் அடிக்கும். கடல் பாக்கப் போறவா கடலுக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டு வந்தா போதும், அதுதான் காணிக்கை. நான் ஒரு பட்டுப் புடவையைக் குடுத்துக் கத்துண்டேன், நீங்க சும்மாவே கத்துக்கோங்கோ!"